வண்டி ஏறவில்லையா? பின் ஆக்சிலில் பல்லை எண்ணிப் பாருங்கள்

மேட்டுப்பாளையத்தில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு கல்லாறு தாண்டி நீலகிரி மலையேறுகிற பிக்கப் ஓட்டுநர்களிடம் பேசிப் பாருங்கள், சுற்றிச் சுற்றி ஒரே புலம்பல்தான் வரும்: "வண்டி இழுக்க மாட்டேங்குதுண்ணா." மூன்றாவது கியரில் வைத்தால் எஞ்சின் திணறுகிறது, இரண்டாவதுக்கு வந்தால் கத்துகிறது, பின்னால் பஸ்காரர் ஹாரனை விடாமல் அடிக்கிறார், கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்து முதல் கியர் போட வேண்டியிருக்கிறது. உடனே எல்லோரும் எஞ்சினைத்தான் சந்தேகப்படுவோம். ஃபில்டர் மாற்றுவோம், நாசில் பார்ப்போம், டர்போ ஹோஸில் கீறல் இருக்கிறதா என்று தடவுவோம், கிளட்ச் பிளேட்டையும் ஒருமுறை மாற்றிவிடுவோம். இவற்றில் ஏதாவது ஒன்று உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால் சரி. எதுவும் கெடவில்லை, வண்டி நல்ல நிலையில்தான் இருக்கிறது, ஆனாலும் இழுக்கவில்லை என்றால்? அப்போது பார்க்க வேண்டிய இடம் பானெட்டுக்குள் இல்லை, வண்டியின் பின்பக்கம் அடியில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் பூசணிக்காய் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிற அந்த ஹவுசிங்குக்குள் இருக்கிறது.

அதற்குள் இருப்பதைத்தான் இங்கே முதலில் இருந்து சொல்கிறேன். மெக்கானிக் வேலை தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் மெதுவாகவே போவேன்.

எஞ்சின் சுற்றுவது கியர்பாக்ஸுக்கு வருகிறது, அங்கிருந்து நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்னால் போகிறது. ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் கிடந்து சுற்றுகிறது, சக்கரத்தின் அச்சோ குறுக்குவாக்கில் கிடக்கிறது. இந்தத் திருப்பத்தைச் செய்துகொடுப்பது இரண்டு பல்சக்கரங்கள். ஷாஃப்டின் நுனியில் இருக்கிற சின்னது பினியன், அதோடு பல் கோத்து நிற்கிற பெரிய தட்டு கிரவுன். பினியனுக்கு 10 பல், கிரவுனுக்கு 41 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரவுன் ஒருமுறை முழுசாகச் சுற்ற, பினியன் 4.1 முறை சுற்ற வேண்டும். இந்த 4.1 என்கிற எண்ணுக்குத்தான் ஆக்சில் ரேஷியோ என்று பெயர். கிரவுன் பல்லைப் பினியன் பல்லால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான்.

இந்த எண் பெரிதானால் என்ன ஆகும்? கியர் சைக்கிளில் மேடு வந்தால் பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றுவோம் இல்லையா, மிதிப்பது லேசாகிவிடும், ஆனால் நிறைய முறை மிதிக்க வேண்டும், சைக்கிள் மெதுவாகப் போகும். அதே கதைதான். எண் பெரிதானால் இழுவை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டியிருக்கும். எண் சிறிதானால் சமவெளியில் எஞ்சின் சத்தமில்லாமல் ஓடும், மேட்டில் மூச்சு வாங்கும். கடைகளில் சிலர் 'ஹை ரேஷியோ' என்பார்கள், சிலர் அதையே 'லோ கியர்' என்பார்கள், இரண்டு பேரும் ஒரே பொருளைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த வார்த்தைகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கேளுங்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. 40-க்கு 10 என்று வைத்தால் கணக்குச் சுலபமாக 4 வரும், பிறகு ஏன் 41-க்கு 10, 41-க்கு 9, 37-க்கு 9 என்று வில்லங்கமான எண்களாக வைக்கிறார்கள்? 40-க்கு 10 என்றால் பினியனின் ஒரு பல் எப்போதும் கிரவுனின் அதே நான்கு பற்களையே போய்ப் போய்க் கடிக்கும். ஒரு பல்லில் சின்னக் கீறல் இருந்தால் அந்த நான்கும் மட்டும் தேயும். 41-ம் 9-ம் என்றால் இரண்டுக்கும் பொது வகுஎண் கிடையாது, ஒவ்வொரு பல்லும் எதிரில் இருக்கிற எல்லாப் பல்லையும் முறைவைத்துச் சந்திக்கும், தேய்மானம் சமமாகப் பரவும். அந்த இரண்டு எண்களைத் தேர்ந்தெடுத்தவர் லட்சம் கிலோமீட்டரை மனதில் வைத்து யோசித்திருக்கிறார்.

மலையில் பல்லை வைத்து ஏறுவது நமக்குப் புதிதும் இல்லை. கல்லாறில் இருந்து குன்னூர் வரை நம் மலை ரயில் தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கிற பல் பட்டையைக் கடித்துக்கொண்டுதான் ஏறுகிறது, 1899-இல் குன்னூர் வரை வந்ததில் இருந்து இன்று வரைக்கும். ஏறத்தாழ 12-க்கு 1 ஏற்றம் அது. அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், அடுத்து வேண்டும்.

மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் ஆளும் சேர்ந்து, 3000 கிலோ என்று வைப்போம். 12-க்கு 1 ஏற்றத்தில் இந்த வண்டி பின்னால் உருண்டு போகாமல் பிடிப்பதற்கே 3000-ஐ 12-ஆல் வகுத்த 250 கிலோ இழுவை வேண்டும். டயர் உருள்வதற்கான தடை ஒரு 45 கிலோ. ஆக 295 கிலோ. இப்போது வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று பார்ப்போம். எஞ்சின் டார்க், அதாவது சுழற்று விசை, 200 நியூட்டன் மீட்டர், மூன்றாவது கியரின் ரேஷியோ 1.45, ஆக்சில் 4.1, டயர் 215/75 ஆர்15, வழியில் பத்தில் ஒரு பங்கு உராய்வில் போகிறது என்று எடுத்துக்கொண்டால் சக்கரம் தரையில் கொடுக்கிற தள்ளு சுமார் 310 கிலோ வரும். வேண்டியது 295, இருப்பது 310, கையில் மிச்சம் 15 கிலோ. ஒரு சின்னப் பள்ளம், ஒரு வளைவு, எதிரில் வரும் லாரிக்காகக் கால் கொஞ்சம் எடுத்தால் போதும், அந்த 15 போய்விடும், வேகம் விழும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போ தூங்கும், அப்புறம் மூன்றாவது கியரில் மீளவே மீளாது.

இப்போது ஆக்சிலை மட்டும் 41-க்கு 9, அதாவது 4.56-ஆக மாற்றுங்கள். வேறு எதையும் தொடவில்லை. தள்ளு 344 கிலோ ஆகிறது. கூடியது என்னவோ நூற்றுக்கு 11 தான், ஆனால் வேண்டியது போக மிச்சம் 15-இல் இருந்து 49 ஆகிவிட்டது, மூன்று மடங்குக்கும் மேல். ஓட்டுகிறவர் உணர்வது அந்த மொத்தத் தள்ளை இல்லை, இந்த மிச்சத்தைத்தான். அதனால்தான் ஆக்சில் மாற்றியவர்கள் "வேற வண்டி மாதிரி இருக்குங்க" என்று சொல்லும்போது மிகைப்படுத்துவதாக எனக்குத் தோன்றுவதில்லை.

இதில் மலைக்கே உரிய இன்னொரு கழிவும் இருக்கிறது. ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின் என்றால் சக்தியிலும் ஏறக்குறைய அதே அளவு அடி வாங்கும். டர்போ இருந்தால் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும், ஆனால் டர்போ பிடிக்கும் வேகத்துக்கு எஞ்சினைச் சுற்ற வைத்தால்தான். அதற்கும் ரேஷியோதான் உதவுகிறது.

அந்தக் காலத்து வில்லிஸ் ஜீப்புகளில் 43-க்கு 8, அதாவது 5.38 ஆக்சில் இருந்தது. எஸ்டேட் மண் பாதையில் கொழுந்து மூட்டையோடு அவை ஏறியதைப் பார்த்தவர்கள் ஜீப்பின் எஞ்சினைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். அந்தப் பெருமையில் பெரும்பங்கு பின்னால் இருந்த எட்டுப் பல் பினியனுக்குப் போக வேண்டும்.

சரி, டயர். ஆக்சில் மாற்றுவதற்கு முன்னால் டயரைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்: பெரிய டயர் போட்டால் நீங்கள் ரேஷியோவைக் குறைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். 215/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர், 235/75 ஆர்15 என்றால் 733. நூற்றுக்கு நாலேகால் கூடுதல். 4.1 ஆக்சில் அப்போது 3.93 மாதிரிதான் வேலை செய்யும். மேலே பார்த்த அந்த 15 கிலோ மிச்சத்தில் இருந்து இதைக் கழித்துப் பாருங்கள், மிச்சமே இருக்காது. நான் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டியில் முன்பு வைத்திருந்தவர் பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று இப்படித்தான் டயர் போட்டிருந்தார், நான் அது தெரியாமல் ஏழு மாதம் எஞ்சினுக்குச் செலவு செய்தேன். கம்பெனி சொன்ன அளவு டயருக்குத் திரும்பினாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும், ஆக்சில் பக்கமே போக வேண்டாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எல்லோரும் ஏற்றத்துக்காகத்தான் ரேஷியோ மாற்றுகிறார்கள். ஆனால் நீலகிரியில் சரக்கு வண்டி வைத்திருப்பவருக்கு இறக்கத்தில் கிடைக்கிற லாபம் அதைவிடப் பெரியது. ஏனென்றால் நம் சரக்குப் பாதியும் கீழே போவது. கேத்திப் பள்ளத்தாக்கில் இருந்து கழுவின கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் எல்லாம் விடியற்காலையில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன, முழு லோடோடு, பனியில், தூக்கக் கலக்கத்தில்.

3000 கிலோ வண்டி குன்னூரில் இருந்து கல்லாறு வரை சுமார் 1300 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த உயரத்தில் இருந்த சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். டயர் உருள்வதில் கரைவது போக மிச்சத்தைக் கணக்குப் போட்டால், 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கிற நிலைக்குக் கொண்டுபோகிற அளவு சூடு வருகிறது. அண்டா அண்டாவாகத் தண்ணீர் காய்ச்சுகிற சூடு. இதை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது நான்கு சக்கரத்தின் டிரம்மும் டிஸ்க்கும் லைனரும் வாங்கிக்கொள்ள வேண்டும். பிரேக்கே எல்லாவற்றையும் வாங்கினால் லைனர் கருகி வாடை வரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், அந்த நேரத்தில் பதினான்கு கொண்டை ஊசிகளில் எது எதிரில் வருகிறது என்பது நம் கையில் இல்லை.

இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று மலைப்பாதை முழுக்கப் போர்டு வைத்திருப்பது இதற்குத்தான். கால் எடுத்தவுடன் எஞ்சின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது, அந்தப் பிடி ஆக்சில் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. 4.1-க்குப் பதில் 4.56 இருந்தால் பிடி நூற்றுக்கு 11 கூடும். அதே வேகத்தில் எஞ்சின் இன்னும் அதிகம் சுற்றுவதால் அதன் தடையும் கூடும், எனவே உண்மையில் 11-ஐவிடச் சற்று அதிகமாகவே பிடிக்கும். ஆக்சில் மாற்றின பிறகு முதல்முறை லோடோடு இறங்கியபோது பர்லியாறில் நிறுத்தி, எப்போதும் செய்வதுபோல் பின் சக்கரத்தின் ரிம் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனேன். முன்பெல்லாம் நான்கு விரல் தூரத்திலேயே கை தானாகப் பின்வாங்கும். அன்று கையை அங்கேயே வைத்திருக்க முடிந்தது. எனக்கு ஏற்றத்தில் கிடைத்ததைவிட அதுதான் பெரிய நிம்மதியாக இருந்தது. ஒன்று மட்டும்: எந்த ரேஷியோ போட்டாலும் நியூட்ரலில் இறக்கினால் எஞ்சினின் பிடி பூஜ்யம்.

யாருக்கு இது வேண்டாம்? வாரத்தில் நான்கு நாள் கோயம்பேட்டுக்கோ பெங்களூருக்கோ நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு வேண்டாம். நான்காவது கியர் நேர் கியர், அதாவது எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றுகிற கியர் என்றால் 60 கிலோமீட்டர் வேகத்தில் 4.1 ஆக்சிலுக்கு எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1850 சுற்று, 4.56-க்குச் சுமார் 2060. நாள் முழுக்க அந்த வித்தியாசம் டீசலிலும் சத்தத்திலும் தெரியும். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, மஞ்சூர் என்று மலைக்குள்ளேயே ஓடி, மண்டிக்குப் போய்த் திரும்புகிறவருக்குத்தான் இது. மலையில் 5-வது கியர் போடுவதே அபூர்வம், அங்கே இழப்பதற்கு ஒன்றும் இல்லை. சில சமயம் டீசல் குறையக்கூடச் செய்யும், எஞ்சின் திணறாமல் சரியான கியரில் நிற்பதால்.

உங்கள் வண்டியில் இப்போது என்ன ரேஷியோ இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஹவுசிங்கில் சின்னத் தகடு இருந்தால் அதிலேயே இருக்கும், ஆனால் பழைய வண்டியில் அது சேறு அப்பி, துரு ஏறி எங்கோ விழுந்திருக்கும். அதனால் எண்ணுவோம். சமமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள், நம் ஊரில் அப்படி ஒரு இடம் கிடைப்பதே பாடு, பள்ளி மைதானமோ லோடு இறக்குகிற சிமெண்ட் தளமோ பாருங்கள். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். பின்னால் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். தூக்கின டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. ஒருவர் டயரைச் சுற்ற வேண்டும், ஒருவர் ஷாஃப்டைப் பார்த்து எண்ண வேண்டும்.

இங்கேதான் பலர் தப்புச் செய்வார்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்க, மற்றதை மட்டும் சுற்றினால், இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் பாதியைத் தின்றுவிடும். சக்கரம் இரண்டு முறை சுற்றினால்தான் கிரவுன் ஒரு முறை சுற்றும். அதனால் டயரை 20 முறை சுற்றுங்கள், ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணுங்கள், அதைப் பத்தால் வகுங்கள். 41 சுற்று வந்தால் 4.1, நாற்பத்தைந்தரை வந்தால் 4.56. இரண்டே சுற்றில் 'நாலும் கொஞ்சமும்' என்று முடிவு கட்டினால் 4.1-க்கும் 4.3-க்கும் வித்தியாசம் தெரியாது.

மாற்றுவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, இருக்கிற ஹவுசிங்கிலேயே கிரவுன் பினியன் செட்டை மட்டும் மாற்றுவது. இன்னொன்று, வேண்டிய ரேஷியோ உள்ள முழு ஆக்சிலையே எடுத்து மாட்டுவது.

முதல் வழி கேட்க எளிது, செய்யக் கஷ்டம். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடியாக உராய்த்துப் பொருத்தப்பட்டவை, ஒன்றைப் பிரித்து இன்னொன்றோடு சேர்த்தால் ஊளையிடும். பினியன் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை ஷிம் என்கிற மெல்லிய உலோகத் தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும், பேரிங் இறுக்கம் சரியாக இருக்க வேண்டும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளி பெரும்பாலும் 0.15, 0.20 மில்லிமீட்டர் அளவில் வரும், அதை அளக்க டயல் கேஜ் என்கிற நுண்ணளவுக் கருவி வேண்டும். கடைசியாகப் பல்லில் சிவப்புச் சாயம் தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். கடி பட்ட இடத்தில் சாயம் விலகி ஒரு தடம் தெரியும், அந்தத் தடம் பல்லின் நடுவில் சாமந்தி இதழ் மாதிரி நீளமாக விழ வேண்டும், ஓரத்தில் ஒதுங்கி விழுந்தால் திரும்ப ஷிம்மை மாற்ற வேண்டும். இதை மூன்று நான்கு முறை பொறுமையாகக் கழற்றி மாட்டுகிற கை இருந்தால் அவரிடம் தாராளமாகக் கொடுங்கள். 'கையால ஆட்டிப் பார்த்தாலே தெரியும் தம்பி' என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். இன்னொரு சிக்கல், சில ஹவுசிங்கில் கிரவுனைத் தாங்குகிற உள்கூடு ஒரு எல்லைக்குள் இருக்கிற ரேஷியோவுக்குத்தான் பொருந்தும், அதைத் தாண்டினால் அந்தக் கூட்டையும் மாற்ற வேண்டும்.

அதனால்தான் நிறையப் பேர் இரண்டாவது வழிக்குப் போகிறார்கள். ஒரே மாடல் பிக்கப்பையே வெவ்வேறு ஆக்சில் ரேஷியோவோடு கம்பெனிகள் விற்பதுண்டு, பழசான வண்டியில் இருந்து கழற்றிய ஆக்சில் கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கிடைக்கும். தொழிற்சாலையில் பொருத்திய கிரவுன் பினியன் அப்படியே உள்ளே இருக்கும், யாரும் கை வைக்காமல் இருந்தால் அந்தப் பொருத்தம் நமக்கு இலவசம்.

ஆனால் எண்ணிவிட்டுக் காசு கொடுங்கள். நான் முதல் தடவை ஒரு கடையில் 'நாலு அம்பத்தாறு' என்று சொன்னதை நம்பி ஆக்சிலை மலைக்கு ஏற்றிக் கொண்டுவந்தேன். பின்பக்க மூடியைத் திறந்து துடைத்தால் கிரவுனின் விளிம்பில் 9, 37 என்று தெளிவாகக் குத்தியிருந்தது. 37-க்கு 9 என்றால் 4.11, என் வண்டியில் அப்போது ஏற்கெனவே இருந்ததும் கிட்டத்தட்ட அதேதான். வண்டி வாடகையும் ஒரு நாள் வேலையும் போனது, கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. தரையில் கிடக்கிற ஆக்சிலிலும் எண்ணலாம்: ஒரு பக்க டிரம்மை ஒருவர் காலால் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும், பினியன் ஃபிளேஞ்சை, அதாவது ஷாஃப்ட் மாட்டுகிற தட்டை, கையால் சுற்றுங்கள், அடுத்த பக்க டிரம் சரியாக இரண்டு சுற்று வருவதற்குள் பினியன் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. சுற்றும்போதே கையில் ஒரு சொரசொரப்பு, ஒரு 'கடக்' தெரிந்தால் பேரிங்கோ பல்லோ போயிருக்கிறது. எண்ணெயை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், வெயிலில் பிடித்தால் வெள்ளித் தூள் மினுங்கினால் அந்த ஆக்சில் வேண்டாம்.

அடுத்து அளவுகள். சக்கரத்தில் இருந்து சக்கரத்துக்கு உள்ள அகலம், பட்டை ஸ்பிரிங் உட்காருகிற இரண்டு மேடைக்கும் நடுவில் உள்ள தூரம், சக்கர போல்ட் எத்தனை, எவ்வளவு விட்டத்தில், பினியன் நடுவில் இருக்கிறதா ஒரு பக்கம் தள்ளி இருக்கிறதா, ஃபிளேஞ்சின் ஓட்டைகள் உங்கள் ஷாஃப்டோடு சேருமா, டிரம் அளவு, ஹேண்ட் பிரேக் கேபிள் மாட்டும் இடம், ஏபிஎஸ் இருந்தால் அதன் பல் வளையம். இவற்றில் ஒன்று சேரவில்லை என்றாலும் 'வெல்டிங் வெச்சுக்கலாம்' என்று யாராவது சொல்வார்கள். ஸ்பிரிங் மேடையை வெட்டி ஒட்டினால் வெல்டிங் சூட்டில் ஹவுசிங் குழாய் தலைமுடி அளவு வளைந்தாலும் ஆக்சில் ஷாஃப்டும் ஆயில் சீலும் சீக்கிரம் போய்விடும். மேடையின் கோணம் மாறினால் பினியன் மூக்கு மேலோ கீழோ பார்க்கும், ஷாஃப்ட் ஜாயின்ட் கிராஸ் அதிரும். அதே மாடலின் ஆக்சில் கிடைக்கிற வரை காத்திருங்கள், ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

மாட்டுகிற வேலையை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல ஒர்க்ஷாப்பில் ஒரு நாள் வேலை. பழையதை எடுக்கும்போதே புதிய ஆயில் சீல், பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், யூ போல்ட் எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள், கழற்றின யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். பிரேக் பைப்பைக் கழற்றியதால் காற்று எடுக்க வேண்டும், மறந்தால் முதல் இறக்கத்தில் தெரியும். ஹவுசிங் மேல் இருக்கிற சின்ன மூச்சுக்குழாய் சேறு அடைத்து இருக்கும், ஊதிப் பாருங்கள், அது அடைத்தால் சூட்டில் எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு லைனர் மேல் வந்துவிடும்.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் பின்னால் மட்டும் மாற்றக் கூடாது, முன் ஆக்சிலிலும் அதே ரேஷியோ இருக்க வேண்டும். இல்லையென்றால் முன் சக்கரம் ஒரு வேகத்துக்கும் பின் சக்கரம் ஒரு வேகத்துக்கும் இழுத்து, காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் போட்டவுடன், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் கடித்துக்கொள்ளும்.

ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸில் இருந்து வேகத்தை எடுக்கிற வண்டியில் மீட்டர் இனி கூட்டிக் காட்டும். நிஜ வேகம் 60 என்றால் மீட்டரில் 66, 67. கிலோமீட்டரும் அப்படியே, 100 ஓடினால் 111 ஏறும். இதனால் மைலேஜ் கூடிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள், லிட்டருக்கு 12 கொடுத்த வண்டி மீட்டர் கணக்கில் 13-க்கு மேல் காட்டும், டீசல் அதே அளவுதான் குடித்திருக்கும். கேபிள் மீட்டர் என்றால் கியர்பாக்ஸில் இருக்கிற சின்னப் பல்லை மாற்றலாம், எலக்ட்ரானிக் என்றால் மறுபடி அளவு அமைக்க வேண்டும். ஆயில் மாற்றுகிற கணக்கும் வாடகைக் கணக்கும் இதில்தான் இருக்கிறது, அதனால் விடாதீர்கள்.

சட்டம். மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்துக்கொடுத்ததில் இருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. வேறு கம்பெனி ஆக்சில், அகலம் கூடிய ஆக்சில், தாங்கும் எடை மாறுகிற ஆக்சில் என்று போனால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும்போதும் விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் மாட்டிக்கொள்வீர்கள். அதே மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கிற ரேஷியோவோடு நிறுத்திக்கொண்டு, வேலைக்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, இன்சூரன்ஸ்காரருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இழுவை கூடியதால் ஏற்றலாம் என்கிற எடை கூடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், பிரேக்கும் பட்டையும் சேஸிஸும் பழையவைதானே.

மாட்டியவுடனே லோடு ஏற்றாதீர்கள். புதிய கிரவுன் பினியன் செட் என்றால் முதல் நாள் காலியாக 20, 30 கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, ஹவுசிங் நன்றாக ஆறின பிறகு மறுபடி ஓட்டுங்கள், இப்படி இரண்டு மூன்று முறை. கையை வைத்தால் சுட வேண்டும், ஆனால் தண்ணீர் தெளித்தால் பொரியக் கூடாது. முதல் 500 கிலோமீட்டர் பாதி லோடுக்கு மேல் வேண்டாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் ஊளை, கால் எடுத்தால் நிற்கிறது, அல்லது அதற்கு நேர்மாறாக இருந்தால், 'ஓட ஓட சரியாயிடும்' என்று விடாதீர்கள், பல் தடம் தப்பாக இருக்கிறது, அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

500 முடிந்ததும் யூ போல்ட்டை எல்லாம் இன்னொரு முறை இறுக்கி, ஆயிலை வடித்துவிட்டு, கம்பெனி சொல்கிற கிரேடில் புதிய ஜிஎல்-5 கியர் ஆயில் ஊற்றுங்கள். வடிக்கும்போது அடைப்பு போல்ட்டின் காந்தத்தைப் பாருங்கள். மை மாதிரி நைசான கரும்பசை ஒட்டியிருந்தால் பல் பழகியிருக்கிறது, துடைத்து மாட்டிவிட்டு அடுத்த நாள் முழு லோடு ஏற்றலாம். அரிசிக் குருணை மாதிரி ஒரு துணுக்கு இருந்தாலும் மூடியைத் திறந்து பார்க்காமல் அந்த வண்டியை மலை இறக்க வேண்டாம்.